சாமி விளக்கோடு ஓடும் ஃபேன்

அன்பு மகள் புனிதாவுக்கு,

கிள்ளானிலிருந்து அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, குளியலறை ஃபேன் மூவரும் சுகம், அதில் ஃபேன் மட்டும் ஓய்வே இல்லாமல் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறார். அதோடு இந்த ஃபேன் சத்தத்தில் நீ பேசுவதில் பாதி எனக்குக் கேட்பதே இல்லை. அதனால் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்னே நான் குளியலறையில் மயங்கி விழுந்தது உனக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத அறை, ஹீட்டர் வெந்நீரின் ஆவி, எனக்கோ பிரஷர், போதாததற்கு உள்ளே தாழ்ப்பாள் வேறு போட்டிருந்தேன். நானே எழுந்து திறக்கும்வரை உன் அப்பா வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றிலிருந்து மனுஷன் சரியாகவே இல்லையம்மா. நான் துண்டைக் கையில் எடுத்தாலே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், விளம்பரம் போடுறான்லா என்பார். திடீரென்று ஒரு நாள் குளியலறையையே இடித்துக் கட்டப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வழுக்காத டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கம்பி, ஆவி வெளியே போக எக்ஸாஸ்ட் ஃபேன் என்று ஒரே ஆர்ப்பாட்டம்.

ஜெஞ்சாரோமிலிருந்து ரெங்கசாமி என்பவர் வந்து டைல்ஸ் வேலையை அழகாக முடித்தார். ஒயரிங் ஆள் அடுத்த வாரம்தான் வருவான் அண்ணே என்று அவர் சொன்னதும் உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. காலமெல்லாம் போர்ட்டில் குளிர் கண்டெய்னருக்கே ஒயர் கொடுத்தவன், இந்தச் சின்ன ஃபேனுக்கு இன்னொருத்தன் வரணுமா என்று ஏணியைப் போட்டு ஏறி, சீலிங்குக்கு மேலே கைக்கு எட்டிய ஒயரில் அதைச் சேர்த்துவிட்டார். மெயினைக்கூட அணைக்காமல் சேர்த்த வேகத்தில் ஃபேன் ஜோராக ஓடியது. பார்த்தியா புஷ்பா, நான் கை வச்சா ஓடும் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நிறுத்தச் சொல்லும்வரை. குளியலறைச் சுவிட்சு, சமையலறைச் சுவிட்சு, எதைத் தட்டினாலும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், அவர் சேர்த்தது நம் சாமி மேடைச் சிவப்பு விளக்குக்குப் போகும் ஒயர்!

அந்த விளக்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு குடிவந்த அன்று போட்டது, அணைத்தால் வீட்டில் யாருக்காவது ஆகாது என்று இன்றுவரை அணைத்ததில்லை. கரண்ட் போனால் உடனே அகல் ஏற்றிவிடுவேன். அதுவாகப் போவது வேறு, நம் கையால் அணைப்பது வேறு. அந்தச் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிச் சந்தனப் பொட்டு வைத்ததே நீ சின்ன வயதில் நோண்டியதால்தானே? இப்போது ஃபேனை நிறுத்த வேண்டுமானால் முருகனை இருட்டில் உட்கார வைக்க வேண்டும். இது போதாதென்று, வெள்ளிக்கிழமை நான் போடும் சாம்பிராணிப் புகையை அது ஒரே இழுப்பாக இழுத்துப் பின்சந்தில் கொண்டுபோய் விடுகிறது. பின்வீட்டுப் பவுனம்மாள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்ன புஷ்பா, பாத்ரூம்ல எந்தச் சாமியை வச்சிருக்கே என்று கேட்கிறார். நான் எந்த முகத்தோடு பதில் சொல்ல?

விஜயன் என்ற ஒயர்மேனைக் கூப்பிட்டேன். அவன் மேலே பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிரிக்கிறது சின்ன வேலைதான் ஆன்டி, ஆனா சாமி லைட்டைக் கொஞ்ச நேரம் அணைக்கணும்லா என்றான். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாதான் நாத்திகராயிற்றே, அது வெறும் பல்பு, அதுக்குப் போய் இப்படிப் பயப்படறியே என்று இத்தனை காலமும் என்னைக் கேலி செய்தவர். அன்று மட்டும், தன் ஒயரிங்கில் இன்னொருவன் கை வைக்கக் கூடாதே என்று, அவ சொல்றதுதான் சரி என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார். விஜயன் மைலோவைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

போன புதன்கிழமை சாயங்காலம் இடியும் மழையுமாக ஊற்றியது. நான் தலை நிறைய ஷாம்புவோடு உள்ளே இருந்தேன். பட்டென்று கரண்ட் போய் ஃபேன் நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டு அந்த அமைதியை அனுபவித்துக்கொண்டிருந்தேன். வெளியே உன் அப்பாவோ டிவி நின்றதையும் பார்க்கவில்லை, ஹால் ஃபேன் நின்றதையும் பார்க்கவில்லை. சாமி விளக்கு அணைந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறார். புஷ்பா, புஷ்பா என்று கத்தியிருக்கிறார், இடிச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. சமையலறையில் இருந்த காலி கேஸ் சிலிண்டர் தோங்கைத் தூக்கி வந்து இடித்த இடியில், புதுக் கதவு இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தது. நான் போட்ட கூச்சல் கோயில் வரை கேட்டிருக்கும். தோங்கோடு அவர், வாளியோடு நான். மானத்தை வாங்கிட்டீங்களே என்று திட்ட வாயெடுத்தேன். விளக்கு அணைஞ்சிருச்சு புஷ்பா, நீ போயிட்டேன்னு நெனச்சிட்டேன் என்று சொல்லி, தோங்கின் மேலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். வெறும் பல்பு என்று சொன்ன மனுஷன்! எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஷாம்பு எரிச்சல் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

கரண்ட் வந்தது, விளக்கு எரிந்தது, ஃபேனும் கிளம்பியது. விஜயனைக் கூப்பிடுறேன், பிரிச்சிடட்டும், அதுவரைக்கும் நான் அகல் ஏத்திக் காவல் இருக்கேன் என்றார் உன் அப்பா. வேண்டாங்க, ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன். புதுக் கதவு இன்னும் வரவில்லை, என் பழைய பாத்தேக் சாரோங் கைலிதான் திரையாகத் தொங்குகிறது, ஃபேன் அதையும் உள்ளே இழுக்கிறது. நான் குளிக்கப் போனால் உன் அப்பா ஹாலிலிருந்தே, புஷ்பா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இருக்கேன் என்று நான் கத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பின்சந்திலிருந்து பவுனம்மாள் அக்கா, இருக்காங்கண்ணே, தண்ணிச் சத்தம் கேட்குது என்று எனக்காகப் பதில் சொல்லிவிடுகிறார்.

நீ அங்கே வெந்நீரில் ரொம்ப நேரம் நிற்காதே, தாழ்ப்பாள் போடாதே. பொங்கலுக்கு வரும்போது சாமி விளக்குச் சுவிட்சைத் தொடாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. குளிக்கும்போது யாராவது கூப்பிட்டால் கூச்சப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பக்குவமாகச் சொல்லிவிடு. இருவரும் நீண்ட ஆயுளோடு ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். உன் அப்பா எழுந்துவிட்டார். கடிதம் எழுதுகிற சாக்கில் நான் சத்தம் காட்டாமல் இருந்துவிட்டேன் போலிருக்கிறது, அங்கிருந்தே கேட்கிறார்.

இருக்கேன்.

உன் அம்மா,
புஷ்பவல்லி பரமேஸ்வரன்