அம்மாவுக்குப் பதிலாக என் எச்சில்

ஆடி 17, வெள்ளிக்கிழமை

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் இன்று கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாய் வழியாக மட்டுமே இறங்கும் ஒரு டி.என்.ஏ. இருக்கிறதாம். அதை வைத்து, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்து மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்கிறார்களாம். வீட்டுக்கு ஒருவர் எச்சில் போதும்.

அம்மாதான் முந்திக்கொண்டு உட்கார்ந்தாள். தன் அம்மா, அவளுடைய அம்மா, எல்லோருக்கும் ஊர் தொண்டாமுத்தூர் என்று எழுத வைத்தாள். ஆனால் வாய் நிறைய வெற்றிலை.

"வெத்தலை போட்டா ஒரு மணி நேரம் எடுக்க முடியாதுங்கம்மா."

"அதுக்கென்ன கண்ணு, இவகிட்ட எடுத்துக்கோ. என்ற வயித்துல பொறந்தவதானே, ரெண்டும் ஒண்ணுதான்."

நான் அம்மாவின் வயிற்றில் பிறக்கவில்லை. தத்து வந்தவள். என் கல்யாணத்தின்போது அத்தை சொன்னாள். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

"வாயத் தொறங்கக்கா" என்றாள் அந்தப் பெண். திறந்தேன். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா அம்மணி, நம்ம பரம்பரையே உன்ற வாயிலதான் இருக்குது" என்று அம்மா சிரித்தாள். அந்த முகத்துக்கு முன்னால் எதைச் சொல்வேன்?

அந்தப் பெண் நம்பிக் கொண்டுபோய்விட்டாள். மாரியம்மா தாயே, என்னைப் பெற்றவள் யாரென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று அவளை இன்னொருத்தியின் ஊர்க்காரியாக எழுத விட்டுவிட்டேன்.

நாளை அம்மா கோயிலுக்குப் போனதும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, என் எச்சிலைக் கணக்கிலிருந்து நீக்கிவிடச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், நானும் வெற்றிலை போட்டிருந்தேன் என்பேனா? மாரியம்மா, உனக்காகக் காலையிலிருந்து விரதம் இருந்த வாய் இது.