இனி ஓட வேண்டியதில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை ஏமாற்றுகிறாரா?

ஒரு நல்ல செய்தி. தெருவோரத்தில் கடை போடுவது இங்கே இனி குற்றமில்லை என்று சட்டம் வந்துவிட்டது. நானும் அப்படித்தான் திருட்டுத்தனமாகக் கடை போட்டு வந்தேன்; இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, திட்டாதே. சாக்ஸும் குடையும் பரப்பும் தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கயிறு கட்டியிருப்பேன். நகராட்சி இன்ஸ்பெக்டரின் தலையைக் கண்டதும் ஒரே இழுப்பு, கடை மூட்டையாகிவிடும். அப்புறம் ஓட்டம்தான்.

போன வாரம் அவர் வந்தார். சட்டம் மாறியது என் மண்டைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. மூட்டையோடு பறந்தேன். அவரும் விடாமல் மூன்று தெரு துரத்தி, மூச்சு வாங்க ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது; திரும்பிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"யோவ், உன் லைசென்ஸ குடுக்கத்தான்யா வந்தேன்!" என்று அட்டையை என் கழுத்தில் மாட்டினார். "நாலு வருஷமா உன்ன பிடிக்க முடியல. இன்னைக்கும் நீயா வந்ததாலதான் ஆச்சு."

இப்போது எனக்கென்று ஓர் இடம், பதினேழாம் எண். பின்னால் சுவர் இருக்கிறது. உன் படம் ஒன்று அனுப்பு, மாட்டிக்கொள்கிறேன். ஓட்டத்தில் தொலைந்துவிடுமே என்றுதான் இத்தனை நாள் கேட்கவில்லை. கயிறுகளை மட்டும் அவிழ்க்க இன்னும் மனசு வரவில்லை.

ஒருவர் குடை கேட்டு நிற்கிறார், முடிக்கிறேன். பழைய விலாசம் வேண்டாம். 'பதினேழாம் எண் கடை, தபால் நிலையத்துக்கு எதிரே' என்று எழுது. தபால்காரர் வரும்போது நான் இங்கேயே இருப்பேன்.

உன் மகன்