சர்வருக்கு ஒரு நாள் ஓய்வு

அனுப்புநர்:
ரா. ரீனா, எம்.எஸ்சி. (வேதியியல்),
த/பெ. ராயப்பராஜ்,
கோயில் தெரு, அகரம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
குடகனாற்றங்கரைப் பல்கலைக்கழகம்,
திண்டுக்கல்.

பொருள்: தற்காலிகப் பட்டச் சான்றிதழ் – ஒன்றாம் வகுப்பில் படித்தபோது விண்ணப்பித்ததாக நிராகரிக்கப்பட்டது – சர்வரின் தேதியைத் திருத்தி 14.11.2025-க்குள் சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நமது பல்கலைக்கழகத்தின் மென்பொருள் உருவாக்க உதவி மையம், பதினாறு ஆண்டுகள் இடையறாது உழைத்த தனது சர்வருக்கு ஆயுத பூஜையன்று ஓய்வளிப்பது என 29.09.2025 அன்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வளாகத்தினர் அனைவருக்கும் மென்பொருள் உருவாக்கித் தந்து பராமரிக்கும் இம்மையத்தின் வரலாற்றில், ஓர் இயந்திரத்தின் பணிநிலைமை குறித்து எடுக்கப்பட்ட முதல் முடிவு இதுவே என அறிகிறேன். சர்வருக்குச் சூட்டும் மாலை நிலக்கோட்டைப் பூச்சந்தையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த திருத்தமும் ஏற்கப்பட்டது. தீர்மானத்தின் நகல் மையத்தின் அறிவிப்புப் பலகையில் இன்றும் உள்ளது.

2. அதன்படி 01.10.2025 காலை சர்வர் நிறுத்தப்பட்டு, துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டது. மறுநாள் விஜயதசமி விடுமுறை என்பதால் 03.10.2025 அன்றுதான் மீண்டும் இயக்கப்பட்டது. தேதியை நினைவில் வைத்திருக்க அதனுள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. நிறுத்தாதவரை அது யாருக்கும் தெரியவில்லை. கண்விழித்த சர்வர், தான் தயாரிக்கப்பட்ட ஆண்டின் முதல் நாளான 01.01.2009-இலிருந்து எண்ணத் தொடங்கியது. இம்மனுவை எழுதும் இன்று அங்கே பிப்ரவரி 9, 2009.

3. பூஜையைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆயினும் என் தந்தை ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுபவர் என்பதால் எங்கள் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு. இவ்வாண்டும் லாரிக்கு மாலையிட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின், அன்று மாலையே தக்காளியுடன் புறப்பட்டார். லாரி பாலக்காட்டில் போய்த்தான் நின்றது, 2009-இல் அல்ல.

4. நத்தம் அருகே ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் பணிக்கு நான் தேர்வாகியுள்ளேன். 14.11.2025 மாலைக்குள் தற்காலிகப் பட்டச் சான்றிதழுடன் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுவார். சான்றிதழுக்கு 06.10.2025 அன்று, இதே சர்வரில் இயங்கும் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். அது 04.01.2009 எனப் பதிவாகி, “விண்ணப்பதாரர் படிப்பில் சேரும் முன்பே சான்றிதழ் கோரியுள்ளார்” என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. அந்நாளில் நான் அகரத்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன் என்பதால் காரணத்தில் பிழையில்லை. ஆய்வகத்துக்கென வெள்ளைக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்திருந்தேன். தையற்காரர் கேட்காமலேயே பையின் மேல் என் பெயரை நூலால் எழுதித் தந்துவிட்டார்.

5. இதுபற்றிக் கேட்க நேரில் சென்றபோது, தேர்வுப் பிரிவு உதவியாளர் திருமதி பழனியம்மாள் என்னை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்துச் சொன்னது வருமாறு: “ஏங்கண்ணு, நீ பாஸ் பண்ணுனது எனக்குத் தெரியாதா? உன்ற மார்க் சீட்டை எடுத்துக் குடுத்ததே நாந்தான். ஆனா கம்ப்யூட்டரு உன்னைய ஒன்னாப்புப் புள்ளைங்குது. ஒன்னாப்புக்கு எம்.எஸ்சி. சர்ட்டிபிகேட் குடுத்தேன்னு வையி, என்னையில்ல வூட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க!” அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

6. உதவி மையத்தின் பொறுப்பாளர் திரு. இருதயநாதன் கூறியது: “பேட்டரி ஹார்டுவேரும்மா. நாங்க சாப்ட்வேரு. அதைத் தொட்டா எலக்ட்ரிக்கல் செக்‌ஷன்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க. செத்த நேரம் பொறு, இதுக்குன்னே ஒரு ஆப் செஞ்சு குடுத்துருவோம்.” தேதி தவறாகப் பதிவானவர்கள் அதுபற்றி முறையிடுவதற்கான அச்செயலி இப்போது உருவாகி வருகிறது. சோதனை ஓட்டம் ஜனவரியில் என அறிவித்துள்ளனர். ஆண்டு குறிப்பிடப்படவில்லை.

7. மறுநாள் என் தந்தை பேருந்து நிலையம் அருகே ஒரு கடிகாரக் கடையில் அதே அளவு பேட்டரி வாங்கி உதவி மையத்துக்கு வந்து, “இம்புட்டுத்தானே சார்? நானே மாட்டி விட்டுர்றேன். லாரியில எம்புட்டு பேட்டரி மாத்தியிருக்கேன்!” என்றார். வெளியாரிடமிருந்து பொருள் பெறுவதற்கு ஆட்சிக்குழுவின் ஒப்புதல் தேவை என்பதால் அது ஏற்கப்படவில்லை. பேட்டரியை இத்துடன் இணைத்துள்ளேன்.

8. பேட்டரி இல்லாமலும் தேதியைக் கையால் மாற்றலாம், ஒரு நிமிட வேலை, ஆனால் பதிவாளரின் உத்தரவு வேண்டும் என்று பொறுப்பாளரே தெரிவித்தார். உத்தரவு கோரி மையம் தங்களுக்கு மூன்று முறை இணையவழியில் கோப்பு அனுப்பியுள்ளது. மூன்றும் 2009-ஆம் ஆண்டுக் கோப்புகளாகக் கருதப்பட்டு நேரே பழைய ஆவண அறைக்குச் சென்றுவிட்டன. எனவே காகிதத்தில் எழுதுகிறேன்.

ஐயா, சர்வரின் தேதியை மாற்ற உத்தரவிடுமாறும், அது தாமதமாகுமானால் என் சான்றிதழை மட்டுமாவது கையால் எழுதி, தங்கள் முத்திரையுடன் 14.11.2025 பிற்பகலுக்குள் வழங்குமாறும் வேண்டுகிறேன். கையெழுத்துச் சான்றிதழையும் ஏற்பதாக அக்கல்லூரி முதல்வர் தொலைபேசியில் கூறியுள்ளார். நான் எம்.எஸ்சி. தேறியது உண்மை. அதைச் சொல்லும் ஒரு தாள் மட்டுமே நான் கேட்பது.

இடம்: அகரம்
நாள்: 11.11.2025

இங்ஙனம்,
(ஒப்பம்) ரா. ரீனா

இணைப்பு: மதிப்பெண் பட்டியல் நகல்கள், நிராகரிப்புக் கடிதம், பணி நியமனக் கடிதம், பேட்டரி (1).

பின்குறிப்பு, 17.11.2025: இம்மனுவை 12.11.2025 புதன்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்தேன். மனுக்கள் திங்கட்கிழமைகளில் மட்டுமே பெறப்படும் எனத் தெரிவிக்கப்பட்டதால் இன்று அளிக்கிறேன். நத்தம் கல்லூரியில் அப்பணியிடத்தில் சனிக்கிழமை காலை வேறொருவர் சேர்ந்தார்.