மூன்றாம் நம்பர் சட்டை

ஆடி 4, ஞாயிறு

காற்று. மைதானம் முழுக்கப் புழுதி. தலைக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றியும் காதில் மண்.

ஃபுட்பால் லீக் தொடங்க மூன்று வாரம். பெயர்ப் பட்டியல் ஆடிப் பெருக்குக்கு மறுநாள் கொடுத்தாக வேண்டும். பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். பயிற்சிக்கு வருபவர்கள் இருபத்து மூன்று.

ரங்கநாதன் மாஸ்டர் டீ குடிக்கும்போது கூப்பிட்டார். பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது எங்கள் அரக்கு லெவன் டீமுக்குக் கோச். "ஒரு மேட்ச் விடாம பார்த்துக்கினு இருக்கிற ஆளு நீ ஒருத்திதான்மா. அடுத்த ஞாயிறு ட்ரையலுக்கு டீம் நீயே போடு. யாரு எங்க நிக்கணும்னு வரைஞ்சி குடு, அப்படியே ஆட வைக்கிறேன்."

பெருமையாகத்தான் இருந்தது. முகத்தில் காட்டவில்லை.

என் அபிப்பிராயங்கள். யாருக்கும் காட்டுவதற்கு அல்ல.

இம்ரான், கோல்கீப்பர். ஜரிகைக் கடையில் வேலை. கை நல்ல கை. வாய் மூடாது. உயரமான பந்துக்கு வெளியே வர மட்டும் பயம்.

டில்லி, ஃபார்வர்ட். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ, தினமும் லேட். ஓட்டத்தில் குறையில்லை. கோல் எதிரே வந்ததும் மூளை லீவு போட்டுவிடும்.

ஜோயல், புதுசு. ஏனாத்தூர் காலேஜ். இடது கால்காரன். லெஃப்ட் விங்கில் கோட்டோரமாக ஓடி ஓடிக் கொடிக் கம்பத்தருகே போய்த் தொலைந்துபோகிறான். பாஸ் கொடுப்பது பாவம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சேகர், ரைட் பேக். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாராட்டவும் ஒன்றுமில்லை.

முரளி, லெஃப்ட் பேக். என் தம்பி. முப்பத்து மூன்று வயது. பன்னிரண்டு சீசன், அதே மூன்றாம் நம்பர் சட்டை. இடது முழங்கால் சரியில்லை, திரும்பும்போது இரண்டடி லேட். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். சரி, எழுதிவிடுகிறேன். வேண்டாம்.

போன வருடம் எட்டு டீமில் ஆறாவது. இந்த வருடம் நான்காவது வரலாம். ஜோயல் பாஸ் பழகினால் மூன்று.

ஆடி 6, செவ்வாய்

கரண்ட் இல்லை, பத்து மணியிலிருந்து. கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடும் வேலை நின்றுபோனது. மாடியிலிருந்து கீழே இறங்கினேன். முரளி தறியை விட்டு எழுந்து, முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கி மூடினான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பதினெட்டுல நான் இருப்பேன் இல்லக்கா?"

"மாஸ்டர்தான்டா முடிவு பண்ணணும்."

கோழைப் பதில். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தறிக்குப் போனான்.

சுதா, அவன் மனைவி, சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கிரவுண்டுக்குப் போலன்னா இவரு மனுஷனே இல்லக்கா. போன மழைக்கு மூணு வாரம் பிராக்டிஸ் இல்ல, ஞாபகம் இருக்குதா? கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லக்கூட வாய தொறக்கல. எனக்குப் பயமா பூட்சி."

ஞாபகம் இருக்கிறது. உப்பில்லாத அந்தக் குழம்பை நானும்தான் சாப்பிட்டேன்.

முடிவு: ட்ரையலில் அவனைப் போடுவது, அவன் இடத்திலேயே. முடிகிறதா இல்லையா என்று மைதானம் சொல்லட்டும். நான் சொல்ல வேண்டாம்.

ஆடி 9, வெள்ளி

அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலை ஐந்திலிருந்து. கூழ் இரண்டு சொம்பு வந்தது. ஒன்று போதும்.

வாங்க: கிராஃப் பேப்பர், சிவப்பு ஸ்கெட்ச், மிளகு, சுதாவுக்குக் கால்சியம் மாத்திரை.

மேஜையில் இரண்டு தாள். ஒன்று சின்ன காஞ்சிபுரம் முதலாளிக்கு அன்னப் பார்டர், நாளைக்கே வேண்டுமாம். இன்னொன்று மாஸ்டருக்கு டீம். டிசைனை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் முடிக்கிறேன், ஆனாலும் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தால்தான் எனக்குக் கை வரும். அன்னம் முடித்த கையோடு டீமையும் போட்டேன். கீழே கோல், மேலே ஃபார்வர்ட், சிவப்புப் புள்ளி பதினொன்று, பக்கத்தில் பெயரின் முதலெழுத்து. பார்க்க அழகாக வந்தது. டீமைச் சொல்கிறேன். அன்னத்துக்கு மூக்கு சரியில்லை.

மாலையில் தாளை மாஸ்டர் வீட்டில் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் பார்த்து "பேஷ்" என்றார்.

ஆடி 11, ஞாயிறு

வெயில். காற்று இல்லை.

ட்ரையலுக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை. முதலாளி காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார், அன்னத்தின் மூக்கு கிளி மூக்காக இருக்கிறதாம். அவர் சொன்னது சரிதான். திருத்திக் கொடுத்துவிட்டுப் போனால் முதல் பாதி முடிந்திருந்தது.

மாஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கேர்ந்துமா புடிச்ச இந்த ஐடியாவ? ஜோயல ரைட்ல போட்டது. பையன் உள்ள வெட்டி வெட்டி வந்து லெஃப்ட் கால்ல ரெண்டு கோல் அடிச்சிட்டான்."

நான் ஜோயலை ரைட்டில் போடவில்லை.

பந்து, வலை எல்லாம் வைக்கும் அறையின் கதவில் என் தாள் ஒட்டியிருந்தது. எல்லாரும் பக்கம் மாறி நிற்கிறார்கள். ஜோயல் வலதில். சேகர் இடதில். முரளி வலதில்.

தறியில் சேலையின் முகம் கீழே இருக்கும், முதுகுதான் மேலே. அன்னம் வலப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் நான் தாளில் இடப்பக்கம் பார்க்க வரைவேன். பத்தொன்பது வருடப் பழக்கம். முந்தாநாள் அன்னத்தை வரைந்த அதே கையில் மனிதர்களையும் வரைந்துவிட்டேன்.

வாயைத் திறப்பதற்குள் விசில். இரண்டாம் பாதி. முரளியின் எதிரே டில்லி, அவனை எதிர் டீமில்தான் போட்டிருந்தேன். நாலு முறை தாண்டிப் போனான். முரளிக்கு வலது காலில் பந்தைத் தட்டவே தெரியாது. நாலாவது முறை விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி அதே இடத்தில் போய் நின்றான். யாரோ சிரித்தார்கள். இம்ரான் கோலிலிருந்து கத்தினான்: "முரளி பாய், உட்கார்ந்துக்கோங்க, நான் பார்த்துக்கிறேன்." கேலியில்லை, அவனுக்கு மனசு நல்ல மனசு. அதனால்தான் இன்னும் மோசமாக இருந்தது.

முடிந்ததும் மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "தம்பின்னு பார்க்காம டெஸ்ட்டு வெச்ச பாரு, அதான் நேர்மை. கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா முரளி போதும்மா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி 13, செவ்வாய்

மேகம். தூறல் கூட இல்லை.

ஊர் முழுக்க என் மூளையைப் பற்றித்தான் பேச்சு. பால் பூத்தில் சேகரின் அப்பா: "ஜோயல மாத்திப் போட்டியாமே. எங்க போய்ம்மா கத்துக்கின?" அன்னத்திடம் என்று சொல்லியிருக்கலாம்.

கீழே தறிச் சத்தம் மட்டும். முரளி இரண்டு நாளாகச் சுதாவிடமும் பேசவில்லை, என்னிடமும் இல்லை. பூட்ஸ் கழுவாமல் வாசலில் கிடக்கிறது. அவன் பூட்ஸ் கழுவாமல் கிடந்து நான் பார்த்ததில்லை.

கணக்காக யோசித்தால் நடந்தது நல்லதுதான். டீமுக்கு ஒரு ஆள் கிடைத்தான். நான் "வேண்டாம்" என்று எழுதியவன் தானாகவே வெளியே போனான். சொல்ல வேண்டிய கஷ்டம் கூட எனக்கு இல்லாமல் போனது. அப்படியானால் ஏன் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை?

சுதா மாடிக்கு வந்தாள். தட்டை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தாள். "நீங்க வேணும்னே பண்ணலியே?" என்றாள். இல்லை என்றேன். வேகமாகச் சொன்னேன். அவள் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதும்போது கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். அது தறிப் பழக்கம் இல்லை.

ஆடி 16, வெள்ளி

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கதவிலிருந்து எடுத்து வந்த தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமாகக் காட்டினேன். முரளி இடதில், ஜோயல் இடதில், எல்லாம் சரியாக.

அவர் வெகுநேரம் சிரித்தார். மாமி காபியோடு எட்டிப் பார்த்தார்.

"சரிம்மா. ஜோயல் ரைட்லயே இருக்கட்டும், அத மாத்த மாட்டேன். முரளிக்கு ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் லெஃப்ட்ல தரேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நேராகத் தறியிடம் போனேன். முரளி தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தாளை மாற்றி வரைந்துவிட்டேன்டா, தெரியாமல், அன்னம் வரைகிற மாதிரி.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கதவுல பார்த்த உடனே தெரிஞ்சிச்சி. தெனம் சேலையோட முதுகைத்தானே பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா போய் ரைட்ல நின்ன?"

நாடாவை வைத்தான். "நீ வரதுக்கு முன்னாடி மாஸ்டர் எல்லாரையும் நிக்க வெச்சி, உன்னைப் பத்திச் சொல்லிக்கினு இருந்தாரு. இந்த மாதிரி டீம் போட மெட்ராஸ்ல கூட ஆள் இல்லன்னாரு. அந்த நேரத்துல போய், எங்க அக்கா தப்பா வரைஞ்சிட்டான்னு சொல்லச் சொல்றியா?"

மாடிக்கு வந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். பிறகு முதலாளிக்கு போன் செய்தேன், மூக்கு ஓகே என்றார்.

ஆடி 18, ஞாயிறு. பெருக்கு

லேசான மழை விடியற்காலையில். மைதானம் ஈரம், புழுதி இல்லை. சுதா புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக் கொடுத்தாள். தானும் வந்து குடை பிடித்து உட்கார்ந்தாள், முதல் முறையாக. ஆஃப்சைடு என்றால் என்ன என்று மூன்று முறை கேட்டாள்.

முரளி, லெஃப்ட் பேக், அரை மணி நேரம். வேறு வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தேன். டில்லி ஒரு முறை தாண்டினான். திரும்புவதில் இரண்டடி லேட், அதில் மாற்றமில்லை. ஆனால் ஐந்து முறை திரும்பவே தேவைப்படவில்லை. பந்து வருவதற்கு முன்பே போய் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு வருடமாக அவன் இப்படித்தான் ஆடுகிறானா? நான் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசி ஐந்து நிமிடம் மூச்சு வாங்கியது, அதையும் எழுதிக்கொண்டேன்.

பட்டியலில் பதினேழு பேர் எழுதியாகிவிட்டது. மாஸ்டர் எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டார். "நீயே சொல்லுமா. முரளி இருக்கட்டுமா, வேணாமா?"

முரளி பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"இருக்கட்டும் மாஸ்டர். அரை மணி நேரத்துக்கு. முழு ஆட்டம் தாங்க மாட்டான். முதல் லெவன்ல வேற ஆள் போடுங்க."

மாஸ்டர் பதினெட்டாவதாக எழுதினார். மூன்றாம் நம்பர் சட்டை, இனி லெஃப்ட் பேக் ஆடப்போகிற சேகரின் தம்பிக்கு. முரளிக்குப் பதினெட்டு. வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். சுதாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான் அவன் வண்டியில் பின்னால்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வரவில்லை. வண்டியை அணைத்தான்.

"முழு ஆட்டம் தாங்க மாட்டேன்னு எப்பலேர்ந்துக்கா தெரியும் உனக்கு?"

"போன வருஷத்துலேர்ந்து."



"எனக்கு அதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து தெரியும்" என்றான். "யாராவது சொல்லுவாங்களான்னு பார்த்துக்கினு இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழுவினான்.