எட்டு பங்கு ஸ்பிரிட்

மே 12, 1969, திங்கள்

காலையிலேயே அனல். சுரங்கத்து ஆய்வுக்கூடம் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பி சுட்டது. கொல்லைப் பப்பாளிக் காய்களைக் கீறிப் பால் எடுத்தாயிற்று. விரலெல்லாம் அரிப்பு. பக்கத்து சீட்டுப் பெண்: "லாபு அம்மா, ஒரு காயாவது பழுக்க வுடுவீங்களா?"

பப்பாளிப் பாலின் என்ஸைம், அமிலத்தையும் அனிலினையும் இணைத்து வெள்ளை ஊசிப் படிகம் தரும். கரைசலில் ஸ்பிரிட் அதிகமானால் என்ஸைம் திரிந்துபோய் வேலை நின்றுவிடும். அதனால் பாலைச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணில் படியவைத்தேன். பத்தில் எட்டு பங்கு ஸ்பிரிட்டிலும் படிகம்! அதே மண்ணை வடிகட்டி ஐந்தாம் முறை போட்டும் வந்தது.

புரொபசருக்கு எழுதிவிட்டேன். வெள்ளியன்று சென்னையிலிருந்து வருகிறார். ஒப்புக்கொண்டால் கட்டுரை, என் பெயரில். நாற்பத்துநாலு வயதில் முதல் கட்டுரை.

செவ்வாய்

புது ஸ்பிரிட் பாட்டில், சீல் உடைத்தது. படிகம் இல்லை. ஓர் ஊசிகூட இல்லை.

வாங்க: ரவை, மண்ணெண்ணெய், இவருக்கு பிளேடு.

புதன்

இன்றும் இல்லை. மண், பால், சூடு எல்லாம் அதேதான். மாறியது பாட்டில் மட்டும். பழைய பாட்டிலின் மிச்சத்தில், அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டேன். பாதி தண்ணீர்.

அட்டெண்டர் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். கம்மாபுரத்துக்காரர், டெம்பரரி. அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டும்.

"குடிச்சீங்களா?"

"ஐயோ, நாக்குல கூட வச்சதில்லீங்கம்மா. கார்க்கு லூசு. வெயில்ல தானா கொறஞ்சிகினே போவுது. மதுவிலக்கு இன்ஸ்பெக்டரு வந்தா பாட்டில்ல போட்ட கோட்டத்தான பாக்கறாரு? கொறஞ்சா நாந்தான் குடிச்சேன்னுவாரு. அதான் டெய்லி கோடு வரிக்கும் தண்ணி ஊத்திகினு வந்தேன்."

பாதி தண்ணீர் என்றால், என் எட்டு பங்கு உண்மையில் நாலு.

வியாழன்

புது ஸ்பிரிட், நாலு பங்குதான். வெறும் பால் திரிந்தது. களிமண்ணில் படியவைத்த பாலில் ஊசி ஊசியாகப் படிகம். ஆக மண் காப்பாற்றுகிறது. எட்டு வரை இல்லை, நாலு வரை.

ஆனால் கடிதத்தில் எட்டு. நாலு என்று திருத்தினால் ஏன் என்பார். தண்ணீர் என்றால் தணிகாசலத்துக்கு வேலை போகும், கேஸும் வரலாம். பேசாமலிருந்தால் பொய் என் பெயரில் அச்சாகும்.

தணிகாசலம்: "நாளைக்கி லீவு போட்டுக்கட்டுங்களா?"

"வேணாம். வாங்க."

ஸ்பிரிட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்று வாரம். தினமும் 'அளவு சரி', கீழே என் கையெழுத்து. கோட்டைப் பார்த்துப் போட்டது. ஹைட்ரோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில்.

வெள்ளி

புழுதிக் காற்று. பத்து மணிக்கு ஜீப். எட்டை அடித்து நாலு என்று எழுதிய தாளை முதலில் நீட்டினேன். புரொபசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஸ்பிரிட்ல தண்ணி எப்படிம்மா வந்தது?"

கதவோரம் தணிகாசலம், துடைத்த குடுவையையே துடைத்துக்கொண்டு.

"அளக்காம தினமும் கையெழுத்துப் போட்டது நான் சார்."

ரிஜிஸ்டரை இழுத்துக்கொண்டார். ஒரு பக்கம். அடுத்த பக்கம். மூடினார்.

"அந்த நாலு பங்கை என் முன்னாடி பண்ணிக் காட்டுங்க."

தணிகாசலம் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்திலேயே, யாரும் கேட்காமல், ஹைட்ரோமீட்டரையும்.