பெயரடைவில் இல்லாதவர்கள்

ஆர்ட்னாகில்,
நவம்பர் 12, திங்கட்கிழமை

அன்பு மகள் மைரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, நாய் கெப் மூவரும் சுகம். மூவரில் கெப் ஒன்றுதான் போன வாரம் முழுக்க யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல் இருந்தது. மழையும் வழக்கம்போல் சுகம். அங்கே மெல்பர்னில் நீயும், மாப்பிள்ளை ஸ்டாவ்ரோஸும், உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருப்பதும் சுகமாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் எனக்கு அதே நினைப்பு. கால் வீக்கம் வடிந்ததா? வேலையிலிருந்து வந்ததும் காலைத் தூக்கி வைத்துக்கொள், பாத்திரத்தை மாப்பிள்ளை கழுவட்டும். போன கடிதத்தில் ஒன்று எழுதியிருந்தாய். குழந்தைக்கு அப்பா கிரேக்கம், பிறக்கிற ஊர் ஆஸ்திரேலியா, அதற்கும் ஆர்ட்னாகில்லுக்கும் என்ன உறவு, நாளைக்கு அங்கே கூட்டி வந்தால் சுற்றுலாப் பயணி வந்திருக்கிறது என்றுதானே ஊரில் சொல்வார்கள், அதற்கு அவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும் என்று. விளையாட்டாக எழுதியதாகச் சொல்லிக்கொள்வாய். நான் மூன்று முறை படித்தேன், ஒரு முறைகூடச் சிரிப்பு வரவில்லை. உன் அப்பாவிடம் காட்டவும் இல்லை. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் நடுவில் உன் அப்பாவின் புத்தகம் குறுக்கே கிடப்பதால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், பொறுமையாகப் படி.

நம் வீட்டு அலமாரிகள் உனக்குத் தெரியும். ஸ்காட்லாந்தைப் பற்றி எவன் எதை எழுதினாலும் உன் அப்பா வாங்கிவிடுவார். குலங்களின் வரலாறு, கோட்டைகளின் வரலாறு, எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் போட்ட துணி, பேய்கள், கப்பல் கட்டியவர்கள், கால்பந்து, ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போடுவதா சர்க்கரை போடுவதா என்று ஒரு முழுப் புத்தகம், நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் கதை, துரத்தியவர்களின் பேரன்கள் அதற்கு எழுதிய மறுப்பு, எல்லாம் இருக்கிறது. பாதிப் புத்தகங்கள் நாம் தோற்ற சண்டைகளைப் பற்றியவை, மீதிப் பாதி அதை மறக்கக் குடித்த விஸ்கியைப் பற்றியவை என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இத்தனை புத்தகங்களிலும் நம் ஊர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் குதிரையில் வந்த யாரோ ஒரு கனவான் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார், இதற்கு அப்பால் பாதை மோசம், தேநீரும் கிடைக்கவில்லை என்று. அந்த ஒரு வரிக்குப் பழிவாங்கத்தான் உன் அப்பா பதினான்கு வருடம் உட்கார்ந்து ஆர்ட்னாகில் வரலாற்றை எழுதினார். செப்டம்பரில் அச்சாகி வந்துவிட்டது. இருநூறு பிரதிகள் உன் பழைய கட்டிலில் படுத்திருந்தன, மேலே போர்வைகூடப் போர்த்தி வைத்திருந்தார்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு தபால் கடை டோலினாவிடம் போனார். ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பதால் அவள் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘பெயரடைவு எங்க? யாரு எந்தப் பக்கம்னு பட்டியல் இல்லாம இதை எவன் வாங்குவான்? டூரிஸ்ட் வந்தா தன் குலத்தைத் தேடுவான், நம்மாளு வந்தா தன் பேரைத் தேடுவான், படிக்கிறது அதுக்கப்புறம்தான் மர்டோ’ என்றாளாம். இவருக்கு ஆத்திரம். ‘நான் என்ன டெலிபோன் டைரக்டரியா எழுதியிருக்கேன்? முதல் பக்கத்துலேருந்து படிக்கட்டும், அவங்கவங்க பேரு வர்றப்ப வரும்’ என்று கத்திவிட்டு வந்தார். ஆனால் டோலினா சொன்னதுதான் சரி. இந்த ஊரில் எந்தப் புத்தகத்தையும் யாரும் முன்னாலிருந்து திறந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கடை மேசையில் இருந்து ஒரு பிரதியும் போகவில்லை. அவர் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியைக் கெப்புக்குப் போட ஆரம்பித்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. நானே பெயரடைவு போட்டுத் தருகிறேன், தனித்தாளில் அச்சடித்துப் பின்னட்டைக்குள் ஒட்டிவிடலாம், வெளியீட்டு விழாவையும் ஊர் மன்றத்தில் வைத்துவிடலாம் என்றேன். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதாவது சரி.

அதற்காக, கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக அவர் எழுதியதை நான் முழுக்கப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார், அதை அவரிடம் சொல்லிவிடாதே. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சீட்டு எழுதிப் பிஸ்கட் டப்பாவில் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். பக்கத்து வீட்டு ஹெக்டர் பதினோரு இடத்தில் வருகிறார். அவர் அப்பா வளர்த்த கடா, ஏரியை நீந்திக் கடந்ததே, அது மூன்று இடத்தில். நம் கெப் நான்கு இடத்தில். நான் ஒரு இடத்தில்கூட இல்லை. நீயும் இல்லை. சரி, வீட்டு மனிதர்களை எழுதக் கூச்சம் போலும் என்று முதலில் நினைத்தேன். பிறகு டப்பாவைக் கவனமாகப் பார்த்தால், ஐம்பத்து மூன்று வயதுக்குக் கீழே ஒரு ஆள் இல்லை. புத்தகத்தின்படி பார்த்தால் அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் பிறக்கவே இல்லை, எல்லோரும் உட்கார்ந்து வயதாகிக்கொண்டே இருக்கிறார்கள்.

கேட்டேன். கணக்கு வாத்தியார் மாதிரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ‘ஒரு விதி வேணாமா எஃபி? ஊர் எல்லைக்குள்ள பிறந்தவங்க மட்டும்தான். இல்லைன்னா போறவன் வர்றவன் எல்லாம் வரலாற்றுல ஏறிடுவான்’ என்றார். ஊர் மருத்துவச்சி வேலையை விட்டு ஐம்பத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் தொண்ணூறு மைல் தள்ளி இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறார்கள், நீயும் அங்கேதான். அது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. கெப் எப்படி வந்தது என்றேன். ‘அது ஹெக்டர் கொட்டகையில பொறந்துச்சு’ என்றார். நான்? ‘நீ பெய்ஸ்லி ஊர்க்காரியாச்சே’ என்றார், மிக அன்பாக. நாற்பத்தொரு வருடம் இந்த மழையில் அவர் காலுறைகளைக் காயவைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? உன் கடிதம் வேறு ஏப்ரன் பையில் இருந்தது. உன் பிள்ளைக்கு இங்கே என்ன உறவு என்று நீ கேட்டதற்கு உன் அப்பா பதில் எழுதி, அச்சடித்து, இருநூறு பிரதி போட்டு உன் கட்டிலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

சண்டை போடவில்லை. அவர் விதிப்படியே பெயரடைவை ஒழுங்காக முடித்தேன். நம் மக்கஸ்கில் குடும்பம் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். டோலினா கடையில் அச்சடித்து வந்ததும் உன் அப்பா தன் கையாலேயே இருநூறு தாளையும் பசை தடவி ஒட்டினார். ஒன்றையும் படிக்கவில்லை. பெயரடைவு படிப்பது சோம்பேறிகளின் வேலையாம்.

விழா போன சனிக்கிழமை மதியம். மன்றத்தில் எழுபது எண்பது பேர் இருக்கும், ஈரக் கோட்டு வாடையில் மூச்சு முட்டியது. சூப்பும், துணியில் கட்டி வேகவைத்த திராட்சைப் புட்டிங்கும் நான் செய்தேன். உன் அப்பா கட்டம் போட்ட கில்ட் பாவாடையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வாங்கியது, இடுப்புப் பட்டைக்கு இரண்டு துளை புதிதாகப் போட்டிருக்கிறது, மேடையில் நின்றார். பேச்சு முடியும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. எல்லோரும் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து விரலால் வரிசையாகத் தேடுகிறார்கள். கிழங்கள் எல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்க, இளவட்டங்கள் ஒவ்வொருவராக மூடி மேசையில் திருப்பி வைக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் உன்னோடு படித்த ரோனா, ஹெக்டரின் மகள், எழுந்தாள். பனி விழுந்தால் வண்டி ஓட்டிப் பாதையைத் திறப்பதும் அவள்தான், தீப்பிடித்தால் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவள்தான். ‘மாமா, எங்க தாத்தா வளர்த்த கடா இருக்கு, நான் இல்லையே, என்ன கணக்கு?’ என்றாள். இவர் விதியைச் சொன்னார். ‘நான் ஆஸ்பத்திரி போற வழியில ஆம்புலன்ஸ்ல பொறந்தேன் மாமா, அது எந்த ஊரு?’ என்றாள்.

பாலத்தில் என்றார் ஹெக்டர். பாலம்தான் ஊர் எல்லை. முன்சக்கரம் தாண்டிவிட்டது, பின்சக்கரம் தாண்டவில்லை என்று ஒருவர், இல்லை முழு வண்டியும் இந்தப் பக்கம்தான் நின்றது என்று ஒருவர். உன் அப்பா நிஜமாகவே வரைபடத்தை விரித்துவிட்டார். ‘ஹெக்டர், பிள்ளையோட தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?’ என்று கேட்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லை. ‘டேய், நான் பயத்துல கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்டா’ என்றார் ஹெக்டர். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கூச்சலில் டோலினா மட்டும் பின்னட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள்: மக்கஸ்கில், எஃபி, பக்கம் இல்லை. மக்கஸ்கில், மைரி, பக்கம் இல்லை. மக்கஸ்கில், மர்டோ, நூலாசிரியர், லூயிஸ் தீவில் தாயின் பிறந்த வீட்டில் பிறந்தவர், ஆகவே பக்கம் இல்லை.

வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் என்னிடம்தானே இருக்கின்றன. தலைப்பிரசவத்துக்கு உன் பாட்டி தாய்வீடு போனதும், இவர் அங்கே பிறந்ததும் எனக்கு நன்றாகத் தெரியும். லூயிஸ்காரர்களைக் கிண்டல் செய்யாமல் ஒரு நாள்கூட உன் அப்பாவுக்குச் சோறு இறங்கியதில்லை. மன்றம் முழுக்கச் சிரித்ததில் பிடில் வாசிக்க வந்தவன் வில்லைக் கீழே போட்டுவிட்டான். உன் அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. ‘அது கணக்குல சேராது, எட்டாம் நாளே தூக்கிட்டு வந்துட்டாங்க’ என்றார். ரோனா விடவில்லை. ‘எங்களையும் எட்டாம் நாள்தான் மாமா தூக்கிட்டு வந்தாங்க’ என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் சூப்புக் கரண்டியோடு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஊர் சிரித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் செய்தோம் என்று ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் வரைபடத்தை மடித்தார், மடிக்கத் தெரியாமல் மறுபடி மடித்தார். பிறகு வாசல் பக்கம், எல்லோருடைய ஈரக் கோட்டுகளும் தொங்குகிற ஆணிகளைப் பார்த்தபடி சொன்னார்: ‘சரி. விதியை மாத்துறேன். இந்த ஊர்ல எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாடியாவது யாரோட மழைக்கோட்டுக்கு ஒரு ஆணி இருக்கோ, அவங்க இந்த ஊரு. எங்க வேணா பொறந்துட்டுப் போகட்டும்.’ உட்கார்ந்து பேனாவை எடுத்தார். புத்தகத்தின் கடைசியில் இரண்டு வெற்றுத்தாள் இருந்தது நல்லதாயிற்று. ஒவ்வொரு வீட்டாரும் வரிசையில் வர, அவரவர் பிரதியில் அவரவர் பிள்ளைகளை எழுதினார். கனடாவில் இருக்கிறவர்கள், கிளாஸ்கோவில் இருக்கிறவர்கள், கோட்டு மட்டும் இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் ஏறினார்கள். ரோனாவுக்கு ஆறு வரி. இப்போது ஊரில் ஒரே புத்தகத்துக்கு எழுபது விதமான முடிவு இருக்கிறது. மிச்சப் பிரதிகளை டோலினா தன் கடைக்கு எடுத்துக்கொண்டதில் உன் கட்டிலும் காலியாகிவிட்டது, வந்தால் படுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் பிரதியை என் முன்னால் வைத்துவிட்டு நாயோடு வெளியே போய்விட்டார், நான் படிக்கும்போது எதிரே இருக்க வெட்கம். என்னைப் பற்றி எழுதியிருந்தது இதுதான்: எஃபி, பெய்ஸ்லியிலிருந்து வந்தவள், இந்த ஊரில் யாரை எங்கே தேடுவது என்று தெரிந்த ஒரே ஆள். உன்னைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, அதை நான் இங்கே எழுத மாட்டேன், நீ வந்து படி. அன்று மாலை உன் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். படித்தார். கொட்டகைக்குப் போய்ச் சுத்தியலோடு வந்தார். பின்கதவுக்குப் பின்னால் உன் பச்சைக் கோட்டு நீ போன நாளிலிருந்து தொங்குகிறதே, அதற்குக் கீழே, என் முழங்கால் உயரத்தில், புது ஆணி ஒன்று அடித்திருக்கிறார். கட்டை விரலிலும் ஒரு அடி வாங்கிக்கொண்டார், கட்டுப் போட்டிருக்கிறேன். அங்கே தொங்கிய கெப்பின் கயிற்றுக்கு இப்போது இடம் இல்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இனி அந்தப் பேச்சு வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது கம்பளிக் காலுறை எடுத்துக்கொள், வெயில் ஊரானாலும் பிரசவ அறை குளிரும். சுகமாகப் பெற்று, நீயும் பிள்ளையும் நூறு மழை பார்த்து நன்றாக இருக்க வேண்டும், ஸ்டாவ்ரோஸுக்கும் எங்கள் ஆசி. மறக்காமல் ஒன்று செய்: பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் உடனே எழுது. பாப்பாஸ் என்ற மாப்பிள்ளையின் குடும்பப் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் உன் அப்பா இடம் விட்டிருக்கிறார், மை காய்ந்துவிடும் என்று நேற்றிலிருந்து மணிக்கொரு தரம் பேனாவை உதறிப் பார்க்கிறார்.

உன் அம்மா
எஃபி மக்கஸ்கில்
(பக்கம் 209, கையெழுத்தில்)