கொலை இல்லாத படம்

அம்மா, அத்தையின் வளையலைத் திருடியது அண்ணன்தான். அது உங்களுக்கும் தெரியும். திருடி என்ற பெயரோடு ஊரைவிட்டு வந்தது நான். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நான் கூட்டிப் பெருக்கும் தியேட்டரில் நேற்று ஒரு பழைய படம். திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் எடுத்த, அந்தக்கால மாளிகைக் குடும்பக் கதை. "கொலை எப்பம்மா வரும்?" என்று என்னிடமே கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். டிக்கெட் கிழிப்பவர், "உனக்கு இன்னைக்குச் சீக்கிரமே வேலை முடிஞ்சிடும்" என்று சிரித்தார். காலியான இருக்கைகளுக்கு அடியில் கூட்டும்போது படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; அப்படித்தான் முடிவைப் பார்த்தேன். தங்கை பழி சுமந்த குற்றத்தை அக்கா, "நான்தான் செஞ்சேன்" என்று ஒப்புக்கொள்கிறாள். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

என் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள். காட்சி முடியப் போகிறது, போகவேண்டும். இனி அந்தப் பெயரைச் சுமக்கமாட்டேன். அத்தை உயிரோடு இருக்கும்போதே அண்ணன் சொல்லியாக வேண்டும். எப்போது சொல்வான்?